ஐந்தாம் நம்பர் டூல்

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மறுபடியும் பனித்துவிட்டது. சரிதா துண்டால் துடைத்தாள். துடைத்த இடத்தில் அண்ணனின் நெற்றி தெரிந்தது. இடது புருவத்துக்கு மேல் ஒரு விரல் நீளத்துக்குக் காயம். அதை மறைக்கிறேன் என்று யாரோ விபூதியை அப்பியிருந்தார்கள். இப்போது அது இன்னும் நன்றாகத் தெரிந்தது.

காலையிலிருந்து இதோடு ஏழு தடவை துடைத்துவிட்டாள். "பாவம், தங்கச்சிக்காரி பெட்டி பக்கத்த விட்டு நகரவே இல்லியே" என்று பந்தலில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது அண்ணனை அல்ல, காயத்தை. தரையில் விழுந்தால் இப்படித்தான் இருக்குமா? வேகமாக வந்த இரும்பு பட்டால் எப்படி இருக்கும்? ஆஸ்பத்திரியில் போஸ்ட்மார்ட்டம் முடித்த டாக்டர், "ஹார்ட் மாதிரிதான் தெரியுது, காயம் விழுந்ததால வந்தது" என்றார். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. டாக்டருக்கு மிஷினைப் பற்றி என்ன தெரியும் என்று சரிதா நினைத்தாள்.

இரும்புலியூரைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஷெட். அதில் ஒரே ஒரு பெரிய சி.என்.சி. மிஷின், கம்ப்யூட்டர் சொல்கிறபடி ஓடுவது. இரும்பைக் கடையும், தலையைச் சாய்த்துச் சாய்வாகத் துளையும் போடும். அண்ணன் ஆனந்தன் எட்டு வருஷமாக அதன் முன்னால் நின்றான். எந்த டூல் எந்தக் கோணத்தில் எங்கே போய் நிற்க வேண்டும் என்று சரிதா சேலையூர் வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில் போட்டு அனுப்புவாள். அதற்கு முன்னால் ஒவ்வொரு டூலையும் கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும். முனை இது, பிடி இது, பிடியிலிருந்து இத்தனை மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று. கம்ப்யூட்டர் ஓர் அப்பாவி. அறுபது என்று சொன்னால் அறுபது என்று நம்பிவிடும்.

ஆனந்தன் நம்பமாட்டான். ஒவ்வொரு புது வேலைக்கும் டூல்களை மாட்டி, ஸ்கேல் வைத்து அளந்து, போன் போடுவான். "ஒண்ணு, நாப்பத்திரெண்டு. திருப்பிச் சொல்லு." சொல்ல வேண்டும். "ரெண்டு, முப்பத்தஞ்சு. திருப்பிச் சொல்லு." பன்னிரண்டு டூலுக்கும் இதே கதை. ரேஷன் கடையில்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள் என்று அவள் சலித்துக்கொண்டால், "உன் கம்ப்யூட்டர்ல மோதுனா சும்மா செவப்பு கலர் காட்டும். இங்க மோதுனா இன்னா ஆவும் தெரியுமா?" என்பான்.

என்ன ஆகும் என்பது நேற்று வரைக்கும் அவளுக்குத் தெரியாது.

நேற்று அனுப்பியது புது வேலை. பம்புக்கு உள்ளே போகிற பாகம், பன்னிரண்டு பீஸ். ஐந்தாம் நம்பர் டூல், துளையை உள்ளே பெரிதாக்குகிற நீளமான கம்பி. பழைய வேலையிலிருந்து அதை அப்படியே எடுத்துப் போட்டாள். பழையதில் அறுபது மில்லிமீட்டர். இந்தத் துளை அதைவிட ஆழம், கம்பி இன்னும் வெகு நீளமாக இருக்கும். அண்ணன்தான் கூப்பிடுவானே, அப்போது மாற்றிக்கொள்ளலாம் என்று புரோகிராமை அனுப்பிவிட்டாள்.

அண்ணன் கூப்பிட்டான். அவள் எடுக்கவில்லை.

முந்தின நாள் ஓனர் ஸ்ரீநிவாசராகவன் எதிரில், "எங்க சரிதா செக் பண்ணாமதான் அனுப்புவா சார்" என்று சொல்லியிருந்தான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரு நாள் அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். மறுபடி அடித்தது. விட்டுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவது தடவையும் அடித்தது. போனைத் திருப்பி, 'அண்ணன்' என்ற எழுத்தைப் பார்த்துக்கொண்டே, அது அடித்து ஓயும்வரை உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டரைக்கு பக்கத்து ஷெட்டிலிருந்து யாரோ கூப்பிட்டு, டமால் என்று ஒரு சத்தம் கேட்டதாகவும், போய்ப் பார்த்தால் ஆனந்தன் மிஷின் முன்னால் விழுந்து கிடந்ததாகவும் சொன்னார்கள்.

டமால் என்ற சத்தம். மிஷின் தலை சாயும்போது நீளமான கம்பி போய் எஃகில் மோதினால் வருகிற சத்தம். முறிந்த துண்டு மிஷினின் கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு வெளியே பறந்தாலும் பறக்கும். நேற்றிலிருந்து அவள் காதுக்குள் வேறு எதுவும் கேட்கவில்லை.

"கடைசியா உனக்குத்தான் போன் பண்ணிகீறாரு, மூணு வாட்டி" என்று அண்ணி பொன்னி நேற்று ஆஸ்பத்திரி வாசலிலேயே கேட்டுவிட்டாள். அண்ணனின் போன் அவள் கையில் இருந்தது. "இன்னா சொன்னாரு?"

"வேலை விஷயம்தான் அண்ணி" என்றாள் சரிதா. பயத்தில் வாய் தானாகச் சொன்னது.

அந்த ஒரு பொய்யைப் பொன்னி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இன்று பந்தலுக்குள் யார் வந்து கட்டிக்கொண்டு அழுதாலும், "யாருமில்லாம போயிடல அவுரு. தங்கச்சிகிட்ட பேசிட்டுத்தான் போனாரு" என்றாள். கேட்டவர்கள் எல்லாரும் திரும்பிச் சரிதாவைப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் சரிதா கண்ணாடியைத் துடைத்தாள்.

பதினொரு மணிக்குத் தினகரன் வந்தான். ஆனந்தனோடு ஷெட்டில் வேலை பார்க்கிறவன், பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. மாலையைப் போட்டுவிட்டு, பெட்டியைப் பார்த்து, "இன்னா மச்சான் இது" என்றான். பிறகு சரிதாவைப் பந்தலின் ஓரத்துக்குக் கூப்பிட்டான். அவள் கூடவே போனாள். மிஷின் மோதியதைச் சொல்லப்போகிறான் என்று நினைத்தாள்.

"தப்பா நெனச்சிக்காத தங்கச்சி. இன்னிக்கிக் கேக்கக் கூடாது. ஓனரு நாளைக்குக் காலைல மிஷின ஓட்டச் சொல்லிகினு கீறாரு. வண்டி வந்து நிக்குது. மீதி பதினோரு பீஸ நான்தான் போடணும்."

"எந்த புரோகிராம்ல?"

"நீ அனுப்பிச்சதுதான். வேற ஏது?"

சரிதா திரும்பிப் பார்த்தாள். பத்தடி தூரத்தில் பொன்னி உட்கார்ந்திருந்தாள். இப்போது வாயைத் திறந்தால் பந்தல் முழுக்கத் தெரிந்துவிடும். அண்ணனைக் கொன்றவள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் பார்ப்பதே போதும். வாயை மூடிக்கொண்டால், நாளைக்குக் காலையில் அதே கதவின் முன்னால் தினகரன் நிற்பான். தினகரனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். பெரியவள் சரிதாவிடம்தான் கணக்குக்கு டியூஷன் வருகிறாள்.

"ஓட்டாதீங்கண்ணா" என்றாள். மறுபடியும் சொன்னாள். "ஓட்டாதீங்க. அஞ்சாம் நம்பர் டூல் தப்பு. அறுபதுன்னு போட்டுட்டேன். தலை சாயும்போது பீஸப் பிடிச்சிருக்கிற சக்குல போய் மோதும். மோதித்தான்... அண்ணன் நெத்தியில..."

தினகரன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"மோதிச்சா? எது மோதிச்சு?"

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தான். அவள் அனுப்பிய டூல் பட்டியல்தான். எண்ணெய்க் கறை படிந்திருந்தது. ஐந்தாம் வரிசையில் 60 என்பதை அடித்து, பக்கத்தில் நீல மையில் 95 என்று எழுதியிருந்தது. அண்ணனின் கையெழுத்து. அதன் கீழே, 'தலை சாயறதுக்கு முன்னாடி டூலை 50 பின்னால இழுத்திருக்கேன்.' தாளின் அடியில், அவன் எப்போதும் எழுதுகிற மாதிரி, 'முதல் பீஸ் ஓகே. 11.30.'

"அதெல்லாம் அவனே பாத்து மாத்திட்டான். இந்த அம்பது மத்த பீஸுக்கும் போதுமான்னு உன்ன ஒரு வார்த்த கேக்கலாம்னுதான் வந்தேன். மொத பீஸு டேபிள் மேல அப்படியே கீது, நான் அளந்து பாத்தேன், ஒரு குத்தம் சொல்ல முடியாது."

"அப்ப அந்தச் சத்தம்?"

"விழும்போது அளக்குற சாமானெல்லாம் வெச்சிருந்த தட்ட புடிச்சி இழுத்துகினு விழுந்துட்டான். அதான் டமால்னு கேட்டுச்சு. நான் டீ குடிச்சிட்டு வந்துகினு இருந்தேன், ஓடிப் போய்ப் பாத்தேன். பன்னெண்டாக ஒரு பத்து நிமிஷம் இருக்கும். மிஷின் சும்மா நின்னுகினு இருந்துச்சு. கதவுல ஒரு கீறல் இல்ல." அவன் குரலைத் தாழ்த்தினான். "நேத்துலேர்ந்து இதயா மனசுல வெச்சிகினு கீற? பைத்தியமா நீ?"

சரிதா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நேற்றிலிருந்து வராத அழுகை வாய்விட்டு வந்தது. பெண்கள் ஓடி வந்து தாங்கினார்கள். அத்தை லோகநாயகி தண்ணீர் கொடுத்தாள். நான் இல்லை, நான் இல்லை என்று சரிதாவின் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. அண்ணன் செத்துக் கிடக்கும்போது சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் அந்த நேரம் அவள் மண்டையில் ஏறியது. 11.30.

போனை எடுத்தாள். நேற்றிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. திறந்தாள். அண்ணன், 11.05. அண்ணன், 11.08. அண்ணன், 11.41.

முதல் இரண்டும் டூல் நீளத்துக்கு. அவள் எடுக்கவில்லை என்றதும் அவனே மாற்றி, ஓட்டி, அளந்து, ஓகே என்று எழுதிவிட்டான். பதினொன்றரைக்கு வேலை முடிந்துவிட்டது. பதினொன்று நாற்பத்தொன்றுக்கு அவளிடம் கேட்பதற்கு ஒரு நம்பரும் மிச்சமில்லை.

பொன்னி வேலை செய்கிற சூப்பர் மார்க்கெட்டில் போனை லாக்கரில் பூட்டிவிடுவார்கள். அது அவனுக்குத் தெரியும். தினகரன் டீக்கடைக்குப் போயிருந்தான். உதவிக்குக் கூப்பிட மிச்சம் இருந்தது தங்கச்சி ஒருத்திதான். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அடித்து ஓயட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து பட்ட பயம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இரண்டரை மணிக்குப் பெட்டியைத் திறந்தார்கள். குளிப்பாட்டி, புதுவேட்டி போர்த்தி, வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். லோகநாயகி அத்தை சரிதாவின் கையில் அரிசியை அள்ளி வைத்தாள்.

"மூணு வாட்டி போடும்மா."

ஒரு தடவை போட்டாள். இரண்டாவது தடவை போட்டாள். மூன்றாவது தடவைக்குக் கை அவன் வாய்க்கு மேலேயே நின்றுவிட்டது. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். அரிசி பாதி வாயிலும் பாதி கன்னத்திலும் விழுந்தது.

தெருமுனை வரைக்கும் போய்விட்டுப் பெண்கள் திரும்பினார்கள். வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஒவ்வொருவராகத் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். ஐந்து மணிக்கு உள்ளறையில் பொன்னியும் சரிதாவும் மட்டும் இருந்தார்கள். இருவருக்கும் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் கவரிலிருந்து பொன்னி ஒவ்வொரு பொருளாக வெளியே எடுத்தாள். கைக்கடிகாரம். நீல மை பேனா. ஆறு இஞ்சு ஸ்கேல். பிறகு தன் இடுப்பில் செருகியிருந்த அவன் போனையும் எடுத்து அவற்றோடு வைத்தாள்.

"சரிதா."

"சொல்லுங்க அண்ணி."

"அவுரு கொரலு எப்டி இருந்துச்சி?"

சரிதா நிமிர்ந்தாள்.

"மூச்சு வாங்கிகினு பேசினாரா? இல்ல, எப்பவும் போலத்தான் பேசினாரா? நான் அங்க பில்லு போட்டுகினு உக்காந்திருந்தேன். என் காதுல விழல. நீயாவது கேட்டியே. அத மட்டும் சொல்லு, போதும்."

எப்பவும் போலத்தான் அண்ணி, சிரிச்சிக்கிட்டுதான் பேசுச்சு. பதில் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. சொல்லிவிட்டால் பொன்னி கொஞ்சம் அழுதுவிட்டுத் தூங்கிவிடுவாள். யாரும் இதைச் சரிபார்க்கப்போவதில்லை. ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லு, திருப்பிச் சொல்லு என்று கேட்கிற ஒரே ஆள் போய்விட்டான்.

சரிதாவின் பார்வை அந்த ஸ்கேலின் மேல் இருந்தது.

"நான் எடுக்கல அண்ணி" என்றாள். "மூணு வாட்டியும் எடுக்கல. கோவத்துல இருந்தேன். கடைசி வாட்டி, அடிக்கிறதப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

வாசலில் பந்தலைப் பிரிக்கிறவர்கள் இரும்புக் குழாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு குழாய் கீழே விழுந்தபோது சரிதாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொன்னி அசையவில்லை. அடிக்கப்போகிறாள் என்று நினைத்தாள் சரிதா. அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

பொன்னி போனை எடுத்தாள். விரலால் கோடு போட்டுத் திறந்தாள். எதையோ தொட்டுவிட்டுக் காதில் வைத்துக்கொண்டாள்.

சரிதாவின் மடியில் போன் அடித்தது. திரையில் 'அண்ணன்' என்று வந்தது.

அது அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம் இடம்தான்.

"எடு" என்றாள் பொன்னி.

சரிதா எடுத்துக் காதில் வைத்தாள். மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. அதற்குள்ளே, யாரோ மூச்சு வாங்குகிற சத்தமும் கேட்டது. இருவரில் யாரும் போனை வைக்கவில்லை.