நார்மன் பிக்கில்ஸ் தேநீர் குடிப்பதில்லை

1.

எரிச்சலில் பிறந்த கதை இது. ஒரு வாதத்தைப் பற்றிப் பேச ஆங்கிலத்தில் கன்வின்ஸ், பர்ஸ்வேட், கோஜென்ட் என்று ஏகப்பட்ட சொற்கள். அகராதியோ எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான் என்று கைகழுவிவிடுகிறது. இங்கிலாந்தில் யார்க்ஷயர்க்காரர்களோடு பாதி ஆயுள் குப்பை கொட்டிய எனக்குத் தெரியும்: மனதை மாற்றினால் கன்வின்ஸ். காலை நகர்த்தினால் பர்ஸ்வேட். பதில் பேச முடியாமல் வாயடைத்தால் கோஜென்ட்.*

(*யாராவது இதைச் சொல்லி உங்களைப் பாராட்டினால், தோற்றுவிட்டீர்கள்.)

2.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில், தெல்மா சக்டன்...

(வேண்டாம். இந்த ஊரில் மழையைச் சொல்வது மை தண்டம்.)

ஊர் நீச்சல்குளத்தை மூடிவிட்டுக் கார் நிறுத்துமிடம் கட்டலாமா என்று ஊர்க்கூட்டம். தெல்மாவின் தம்பி வில்ஃபுக்குப் பக்கவாதம். தரையில் சக்கர நாற்காலிதான். குளத்து நீருக்குள் மட்டும் நடப்பான். மூன்று நிமிடத்தில் அதைச் சொல்லி முடித்தாள்.

"ரொம்ப கோஜென்ட், கண்ணு," என்றார் கார் நிறுத்தம் கேட்கும் அணியின் தலைவர், கறிக்கடை நார்மன் பிக்கில்ஸ். மண்டபமே தலையாட்டியது. தெல்மா வில்ஃபின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

3.

இங்கே வாக்கு என்றால் எழுந்து நடப்பது. குளம் வேண்டுமென்றால் இடது சுவர், வேண்டாமென்றால் வலது.

"பேச்சு எடுபடலடா," என்று முணுமுணுத்தாள்.

"அப்போ டீயை நகர்த்து," என்றான் வில்ஃப்.

இடைவேளையில் டீ பாய்லரை இடது சுவரோரம் தள்ளிக்கொண்டு போனாள். ஒருவர் பின்னால் ஒருவர் நின்றால் போதும், இவர்கள் எதற்கென்று கேட்காமல் வரிசையில் சேர்ந்துவிடுவார்கள். சூடான கோப்பையோடு வலப்பக்கம் திரும்பிப்போகப் பலருக்குச் சோம்பல்.

(இது வெற்றியா, லஞ்சமா? இங்கே பேனாவை மூடிவைத்துவிட்டேன். நார்மன்தான் திறக்கவைத்தார்.)

இடைவேளை முடிந்து எண்ணினார்கள். வலது சுவரில், நார்மன் அணியில், ஒருவர் அதிகம். அவர் வில்ஃபைப் பார்த்தார். பிறகு மண்டபத்தைக் குறுக்கே கடந்து இடது சுவருக்கு வந்தார். இப்போது இடப்பக்கம் ஒருவர் அதிகம்.

"டீ ஊத்தவா, நார்மன்?" என்றாள் தெல்மா.

"நான் டீ குடிக்கிறதில்லன்னு ஊருக்கே தெரியும்."

"அப்புறம் எதுக்கு வந்தே?"

"நீ சொன்னதுக்குப் பதில் தேடிப் பார்த்தேன். கிடைக்கல. சும்மா நின்னா வெக்கமா இருக்கு."

கூரை பறந்துவிடும் போலக் கத்தினார்கள். தெல்மா கறிக்கடைக்காரரைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும்தான் அழுதேன், இதை எழுதும்போது.

4.

அவரை நகர்த்தியதற்கு எந்தச் சொல்? நான் சொல்லமாட்டேன். நார்மன் மனம் மாறுவதாகவோ, தெல்மா பாய்லரை நகர்த்தியதற்கு மன்னிப்புக் கேட்பதாகவோ, முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். குளத்துத் தண்ணீரை மட்டும் வடித்துவிடாதீர்கள். வில்ஃப் அதில் பாதி தூரம் நடந்திருக்கிறான்.