சிவப்புக் கோட்டின் மேல் ஒரு பொட்டு

1

இந்தக் கதையைக் கொடுத்தவர் கமலநாதன் அண்ணன். எழுதிக்கொள் என்றார், ஒன்றை மட்டும் விட்டுவிடச் சொன்னார். அதை விட்டால் இதில் கதையே இல்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘காஹாங் செம்பனைக் காட்டின் மேல் கருமேகங்கள்...’ (அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில்.)

2

அண்ணன் சொந்த லாரியில் செம்பனைக் குலைகளை எண்ணெய் மில்லுக்கு ஏற்றிப் போனவர். பாரத்தோடு மேடு ஏறினால் இன்ஜின் புகையின் சூடு எகிறும். அளவு மீறினால் பிஸ்டன் உருகிவிடும். அதற்காகவே அந்தச் சூட்டைக் காட்டும் எக்சோஸ் மீட்டர் மாட்டினார். ஊசி சிவப்பைத் தொட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

[தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் மீட்டர் வேறு. அது விழித்துக்கொள்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.]

3

மாட்டிய வாரமே ஆயுத பூசை. அவர் மனைவி கஸ்தூரி அக்கா புது மீட்டரின் கண்ணாடிக்கும் பொட்டு வைத்தார். கெட்டிச் சந்தனம், நடுவில் குங்குமம், சரியாகச் சிவப்புக் கோட்டின் மேல்.

“ஊசி இந்தப் பக்கம் வரவே கூடாது, சாமி.”

(இங்கே அக்காவைக் கேலிப் பாத்திரமாக்கலாமா என்று யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது.)

“தொடைச்சிருக்கலாமேண்ணே?” என்று கதை கேட்ட அன்று அண்ணனிடம் கேட்டேன்.

“அலமாக், சாமிக்கு வெச்ச பொட்ட எப்படிலா தொடைக்கிறது? தானா உதிரட்டும்னு விட்டேன்.”

உதிரவில்லை. மேட்டில் ஊசி பொட்டுக்குப் பின்னால் மறைந்தது. சிவப்பைத் தொட்டதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. இன்ஜினைப் பிரித்த பட்டறைப் போர்மன் உருகிய பிஸ்டனைக் கையில் கொடுத்தார். இப்போது அண்ணன் வேறொருவர் லாரியை ஓட்டுகிறார். வாசலில் நிற்கும் தன் லாரியில் ஏறுவதே இல்லை.

“இன்ஜின் பழசுன்னு அவகிட்ட சொல்லிட்டேன். நீ பொட்ட மட்டும் எழுதாத தம்பி. தாங்க மாட்டா.”

4

முடிவு ஒன்று: இன்ஜின் பழசு. எழுதிப் பார்த்தேன், பொய் நாறியது.

முடிவு இரண்டு: அண்ணன் உண்மையைச் சொல்ல, அக்கா அவர் கையைப் பிடித்து...

5

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போனபோது அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். லாரிக்குள் எட்டிப் பார்த்தேன். மீட்டர் கண்ணாடியில் பொட்டு இல்லை, மஞ்சள் கறை மட்டும் இருந்தது.

“நான்தான் சுரண்டிட்டேன்” என்றார் பின்னால் நின்ற அக்கா. “போர்மன் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. எனக்குத் தெரிஞ்சி போச்சின்னு அவருகிட்ட சொல்லிடாத தம்பி. தாங்க மாட்டாரு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணனுக்குச் சரி என்றது போலவே அக்காவுக்கும் சரி என்றேன்.

6

நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், இரண்டு பேருக்கும் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன் என்று பொருள். அவர்கள் வீட்டுக்கு இதை எடுத்துப்போக எனக்குத் தைரியமில்லை. நீங்கள் போனால், முதலில் யார் கையில் கொடுப்பீர்கள்?