ஓடாத லிஃப்டுக்கு ஒரு பாராட்டுப் பலகை

1

இந்தக் கதை எப்படிப் பொறந்துச்சுன்னு மொதல்லயே சொல்லிடறேன். அப்பா கேட்டாரு, பொறந்துச்சு. "நீதான் நல்லா எழுதுவியே, நாளைக்கு விழாவுல படிக்க நம்ம பில்டிங்கப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடு. சிரிக்கிற மாதிரி இருக்கட்டும். அழ வெச்சுடாத." நான் அழ வெப்பேன்னு அவருக்கு யார் சொன்னாங்கன்னு தெரியல.

விஷயம் இதுதான். எங்க பில்டிங்குக்கு நகராட்சி விருது குடுக்குது. கரண்ட் கம்மியா செலவழிச்சு, பொருள வீணாக்காம, ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசையா சந்தோஷமா வாழற குடியிருப்புன்னு. காலையில பித்தளைப் பலகை மாட்டப் போறாங்க. எல்லாரும் தூங்கியாச்சு. நான் சமையல்கட்டு விளக்க மட்டும் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். (கரண்ட் கம்மியா செலவழிக்கிற குடியிருப்பு. மறக்கல.)

'நான்'னு எழுதினா பேனா நகர மாட்டேங்குது. அதனால இனிமே 'சின்னவ'. வீட்டுல அப்படித்தான் கூப்பிடுவாங்க. அவளுக்கு என்ன ஆனாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது பாருங்க.

2

சின்னவ எழுதின மொதல் ஆரம்பம்: "ஒற்றுமையே எங்கள் மூச்சு. எங்கள் குடியிருப்பில் வாழும் ஒவ்வொருவரும்—" வேண்டாம். மூச்சு வாங்குது.

ரெண்டாவது: "எங்கள் லிஃப்ட் ஓடுவதில்லை. ஆனால் எங்கள் இதயங்கள்—" அவளுக்கே சிரிப்பு வந்துடுச்சு. அடிச்சாச்சு.

மூணாவது: லிஃப்ட் கெட்டுப் போச்சு.

இது நிக்குது. லிஃப்டும் அப்படித்தான் நின்னுச்சு. ஒரு நாள் கீழ்த்தளத்துக்கு வந்துச்சு, கதவத் தொறந்துச்சு, அப்புறம் மூடவே இல்ல. ரிப்பேர் யாரோட பொறுப்புன்னு சண்டை. "நாங்க லிஃப்ட்ல ஏறி எங்க போகப் போறோம்?"னாங்க கீழ் வீட்டுக்காரங்க. நியாயம்தான். "உங்க வாசக்கதவுக்கு நாங்களும் சேர்ந்துதான பெயிண்ட் அடிச்சோம்?"னாங்க மேல் வீட்டுக்காரங்க. அதுவும் நியாயம்தான். ரெண்டு நியாயம் முட்டிக்கிட்டா லிஃப்ட் ஓடாது.

நடுவுல யாரோ ஒரு குடைய அதுக்குள்ள மறந்து வெச்சுட்டுப் போனாங்க. மழையில இன்னொருத்தங்க அத எடுத்துட்டுப் போய், மனசு கேக்காம பதிலுக்கு ஒரு வாணலிய வெச்சாங்க. அப்படியே பழகிடுச்சு. மூணாவது மாடித் தச்சர் உள்ள அலமாரி அடிச்சுக் குடுத்தாரு. வேண்டாதத வைக்கலாம், வேணுங்கறத எடுக்கலாம். சின்னவளோட ஸ்கூல் பை அங்க எடுத்ததுதான். அப்பாவோட கோட்டும் அங்க எடுத்ததுதான். (புதுசுன்னு சொல்லுவாரு. நம்பிடுங்க.)

விருதுக்குப் பார்க்க வந்தவங்க அதப் பார்த்து அப்படியே சொக்கிப் போயிட்டாங்க. "லிஃப்டையே துறந்த மக்கள்!"னாங்க. நாங்க எங்க துறந்தோம், அதுதான் எங்களத் துறந்துச்சு.

3

இப்ப ஆளுங்க. நெறைய பேர் வேண்டாம், உங்களுக்குக் குழப்பமாயிடும்.

குடியிருப்புச் சங்கத் தலைவர். பல் டாக்டர், கீழ்த்தளம். படி ஏறினா இதயத்துக்கு எவ்வளவு நல்லதுன்னு எல்லாருக்கும் சொல்லுவாரு. அவர் படி ஏறி யாரும் பார்த்ததில்ல.

செயலாளர். சின்னவளோட அப்பா. ரெண்டாவது மாடி. ஸ்கூல் பஸ் ஓட்டுறாரு. விருதுக்கு எழுதிப் போட்டது அவர்தான். இத்தன வருஷத்துல அவருக்காக யாரும் கை தட்டினதே இல்ல. சடன் பிரேக் போட்டா பசங்க கத்துவாங்க, அவ்வளவுதான்.

அத்தை. அப்பாவோட கூடப் பொறந்த அக்கா. நாலாவது மாடி, தனியா இருக்காங்க. தையல் வேலை. லிஃப்ட் நின்ன கொஞ்ச நாள்ல அவங்க முழங்காலும் நின்னுடுச்சு. அதுலேருந்து கீழ எறங்கல. ஜன்னல்லேருந்து கயித்துல கூடை விடுவாங்க. துணி மேல போகும், தைச்சுக் கீழ வரும். விருதுக்காரங்க "கரண்டே இல்லாத போக்குவரத்து!"ன்னு கூடையப் போட்டோ எடுத்தாங்க. கயித்தோட அந்த முனையில இருக்கறவங்க போட்டோல வரல.*

* நியாயமா ஒண்ணு சொல்லிடணும். அத்தைக்கு மருந்து, காய்கறி, தண்ணி கேன் எல்லாம் யாராவது மேல கொண்டு போய்க் குடுத்துடுவாங்க. ஒரு நாள் தவறாது. ஒத்தாசை பொய்யில்ல. இந்தக் கதையில பெரிய தொந்தரவே அதுதான். எல்லாரும் கெட்டவங்களா இருந்திருந்தா சின்னவ எப்பவோ எழுதி முடிச்சுட்டுத் தூங்கியிருப்பா.

4

சாயங்காலம், விழாவுக்குப் போட வேண்டிய கவுன இடுப்புல பிடிக்கறதுக்காக சின்னவ மேல அத்தை வீட்டுக்குப் போனா.

"அத்தை, உங்களக் கதையில போடப் போறேன்."

"போடு. முழங்கால்னு மட்டும் போடாத."

"வேற என்ன போடறது?"

"இடுப்பு சின்னதுன்னு போடு."

"அத்தை!"

"வலின்னு எழுதினா நாளைக்கே நாலு தடியனுங்க வந்து நாற்காலியோட தூக்குவானுங்க. நான் என்னடி, பீரோவா?"

"அப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?"

அத்தை நூலப் பல்லுல கடிச்சு அறுத்தாங்க. "பட்டன அமுக்கணும். கீழ போகணும். முக்குக்கடையில நானே வெங்காயம் வாங்கணும். அவன் என்னை ஏமாத்தணும். மேல வந்து, பாவி ஏமாத்திட்டானேன்னு நாள் பூரா பொலம்பணும். நீங்க பார்த்துப் பார்த்து வாங்கிட்டு வர்ற வெங்காயத்துல ஒரு அழுகல் கூட இல்லடி. எனக்கு யார் மேலயும் கோவமே வர மாட்டேங்குது."

சின்னவ சிரிச்சா. அத்தை சிரிக்கல.

"பலகைய எங்க மாட்டறாங்க?"

"லிஃப்ட் வாசல்ல."

"வாசல்லன்னா?"

சின்னவ கவுன் பட்டனத் திருகிக்கிட்டே இருந்தா. "லிஃப்ட் பட்டன் இருக்குல்ல, அது மேல. ஸ்க்ரூ வெச்சு. அலமாரியையும் செவுத்தோட சேர்த்து நிரந்தரமா அடிச்சுடப் போறாங்களாம்."

தையல் மிஷின் நின்னுச்சு. அப்புறம் ஓடுச்சு.

"நல்ல எடம்தான். எல்லார் கண்ணுலயும் படும்."

5

அப்பா கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தாரு.

"அப்பா, பலகைய வேற எங்கயாவது மாட்டலாமே?"

"அந்த லிஃப்டுக்குத்தாம்மா விருதே."

"அது ஓடினா?"

"ஓடினா நாமளும் நாலு பேர மாதிரி ஆயிடுவோம். அப்புறம் எதுக்கு விருது?"

"அத்தை எப்படிப்பா கீழ வருவாங்க?"

"அக்காவுக்கு என்ன கொறைச்சல்? நாமெல்லாம் தாங்கலையா?"

"அவங்களக் கேட்டீங்களா?"

அப்பா ஏற்கனவே தேய்ச்ச கோட்டுக் கையையே திரும்பத் தேய்ச்சாரு.

(இந்த எடத்துல அவரக் கல்நெஞ்சக்காரரா எழுதிப் பார்த்தேன். வரல. கோட்ட மாட்டிக்கிட்டு கண்ணாடி முன்னாடி "அனைவருக்கும் வணக்கம்"னு மெதுவாச் சொல்லிப் பார்த்துக்கிட்டாரு. அவர எப்படித் திட்டி எழுதறது?)

6

இந்தப் பகுதி எழுதிக் கிழிச்சாச்சு. லிஃப்டே பேசற மாதிரி ஒரு கற்பனை. ரொம்ப அறிவுரை சொல்லுச்சு. அதோட வாய மூடிட்டேன். கதவத்தான் மூட முடியல.

7

கொஞ்ச நேரம் முன்னாடி சமையல்கட்டு ஜன்னல்ல கூடை வந்து தட்டுச்சு. உள்ள கவுன், அழகா மடிச்சு. அதுக்கடியில பேப்பர்ல சுத்தின ஒரு ஜோடி செருப்பு.

சின்னவளுக்கு அது தெரியும். லிஃப்ட் நிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, அத்தையே கடை கடையா ஏறி எறங்கி வாங்கினது. அடி கூடத் தேயல. இத்தன நாளா கதவுக்குப் பின்னாடி, வெளிய போகத் தயாரா, வாசலப் பார்த்து நின்னுச்சு.

மேலேருந்து குரல்: "சின்னவளே, அத லிஃப்ட்ல வெச்சுடு. யாருக்காவது ஆகும்."

கூடை மேல போயிடுச்சு. அத்தை வீட்டு விளக்கும் அணைஞ்சுடுச்சு.

லிஃப்ட்ல வெக்கறதுன்னா இனிமே வேண்டாம்னு அர்த்தம். எங்க பில்டிங்ல சின்னக் கொழந்தைக்குக் கூட அது தெரியும்.

8

முடிவுகள்.

அ) சின்னவ சிரிக்கிற மாதிரி படிக்கிறா. கைதட்டல். பலகை ஏறுது. அப்பா பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கறாரு. செருப்பு தலைவர் வீட்டம்மாவுக்கு அளவாப் பொருந்துது. நடக்கறதுக்கு ரொம்ப வாய்ப்பு இருக்கற முடிவு இதுதான்.

ஆ) சின்னவ எல்லாத்தையும் போட்டு உடைக்கிறா. விருதுக்காரங்க பலகையத் திரும்ப எடுத்துட்டுப் போறாங்க. அப்பா கோட்டக் கழட்டி, மடிச்சு, லிஃப்ட்ல கொண்டு போய்— இல்ல. இத என்னால எழுத முடியாது.

இ) லிஃப்ட் திடீர்னு ஓடுது! வாணலி, குடை, புத்தகத்தோட நாலாவது மாடியில போய் நிக்குது. "பாத்திரமெல்லாம் கொண்டு வந்திருக்கியே, யாரு சமைக்கறது?"ன்னு அத்தை கேக்கறாங்க. எனக்குப் பிடிச்சது இதுதான். ஆனா ரிப்பேர்காரர் வராம எந்தக் கதையிலயும் லிஃப்ட் ஓடாது.

9

சின்னவ போதும். அவ தூங்கட்டும். நாளைக்கு மைக் முன்னாடி நிக்கப் போறது நான்தான்.

செருப்பு மேசை மேல, இந்தப் பேப்பருக்குப் பக்கத்துல இருக்கு. லிஃப்ட்ல வெக்க மாட்டேன். ஒரு கையில பேப்பர், ஒரு கையில செருப்பு, அப்படியே மேடைக்குப் போகப் போறேன். செருப்பும் கையுமா ஒருத்தி வர்றதப் பார்த்தா தலைவர்தான் மொதல்ல ஓடுவாரு. படியில ஏறி ஓடினாருன்னா இதயத்துக்கும் நல்லது.

ஆனா பேச முடியுமான்னு தெரியல. அப்பா மொகத்தப் பார்த்தா பேப்பர்ல இருக்கறது ஒண்ணும் வாயில வராது. தூக்கிக் காட்ட மட்டும்தான் முடியும்னு நெனைக்கறேன்.

அதனால மிச்சத்த உங்ககிட்ட விட்டுடறேன். முன்வரிசையில பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்திருப்பீங்க. நான் அதத் தூக்கினதும் "யாரோடதும்மா அது?"ன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டா போதும். பதில் எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

பலகைய மாட்டப் போறது தச்சர். ஸ்க்ரூ டிரைவர் அவர் கையில தயாரா இருக்கும். கொஞ்சம் சீக்கிரமாக் கேளுங்க.