ஆயிரத்துக்கு மேலே குப்பை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை அது உச்சந்தலைக்கே ஏறிவிட்டது.

காலைக் கூட்டத்தில், எட்டுப் பேர் முன்னால், எங்கள் ஆய்வுக் குழுத் தலைவர் திரையில் ஒரே ஒரு வரியைக் காட்டினார். விண்மீன்களின் வேகத்தைக் கணக்கிடும் எங்கள் கணினி நிரலில் உள்ள வரி அது. வேகம் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்தால் அது கருவியின் பிழை, குப்பைக் கோப்பில் தள்ளு. ஓரத்தில் எழுதியவரின் பெயர் இருந்தது. என் பெயர்.

"பார்த்தீங்கல்ல? நேத்து வேற குழு அறிவிச்ச விண்மீன், ஆறு வருஷமா நம்ம குப்பையிலதான் கிடந்திருக்கு. வரியில யார் பேரு இருக்கோ அவங்கதான் பொறுப்பு."

"நீங்கதானே சார் சொன்னீங்க? நான் சேர்ந்த முதல் வாரம், இதே மேஜையில உக்காந்து!"

"எனக்கு அப்படி ஞாபகம் இல்லையே" என்றார், ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி. என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமை முடிவு செய்யப்போகிறவரும் இதே மனிதர்தான்.

எரிந்து முடிந்து சுருங்கிப்போன விண்மீனை வெண்குறுமீன் என்போம். அப்படி இரண்டு, ஒன்றையொன்று நெருங்கி வெறிபிடித்துச் சுற்றும். ஒன்று வெடித்துச் சிதறும். இழுத்துப் பிடித்திருந்த துணை போனதும் மற்றது, சுற்றிய வேகத்திலேயே தெறித்து ஓடும். வெடித்ததன் மிச்சத்தை மேலெல்லாம் பூசிக்கொண்டு, தனியாக, நிற்காமல் ஓடும். அப்படி உயிர் பிழைத்து வந்ததைத்தான் நாங்கள் பிழை என்று தள்ளியிருக்கிறோம். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

வீட்டில் தட்டை நங்கென்று வைத்தேன். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அக்கா நிமிர்ந்தாள்.

"தட்டு என்னடி பண்ணுச்சு பாவம்?"

சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால், "வாயால சொன்னதைக் கேட்டு எழுதிட்டியா? நான் சீட்டு இல்லாம ஒரு மாத்திரை குடுப்பேனா?" என்றாள்.

"நீயும் ஆரம்பிக்காதே!" என்று கத்தினேன். அவள் சொன்னது சரி என்பதுதான் இன்னும் எரிந்தது.

மறுநாள் குப்பைக் கோப்பைத் திறந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். இரண்டு நாள், ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தேன். பக்கத்து விண்மீனின் ஒளி கலந்தது, கருவி சொதப்பியது என்று பெரும்பாலும் அசல் குப்பை. அந்த ஆள் சொன்னது முழுக்கத் தப்பில்லை என்பதே எனக்கு எரிச்சலாக இருந்தது. கடைசியில் ஒன்று மிஞ்சியது. ஒரு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு பதிவுகளிலும் அதே ஆயிரத்து அறுநூறு. ஹைட்ரஜன் மருந்துக்குக்கூட இல்லை. கார்பனும் ஆக்சிஜனும்தான், வெடிப்பில் தப்பி ஓடிய வெண்குறுமீனின் அடையாளம். யாரும் அறிவிக்காத இன்னொன்று.

அதைப் பற்றி இரவெல்லாம் எழுதிய கட்டுரையை வெள்ளிக்கிழமை அச்செடுத்தேன். தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலில் தேன் வழிந்தது.

"பிரமாதம்மா. முதல்ல என் பேரைப் போட்டுடு. ஒப்பந்தத்தைப் பத்திக் கவலைப்படாதே."

"போடறேன் சார்." ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினேன். "இதுல உங்க பங்கு என்னன்னு எழுதிக் குடுங்க. ஆயிரத்துக்கு மேல வந்தா குப்பைன்னு சொன்னது நான்தான்னு தொடங்குங்க."

"மிரட்டறியா?"

"சீட்டு கேக்கறேன்."

பேனா மூடியைத் திறந்தார். எதிர் மேஜையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. எல்லாரும் பார்ப்பதைப் பார்த்தார். மூடியைப் போட்டுவிட்டு எழுந்து போனார்.

கட்டுரையை என் ஒற்றைப் பெயரோடு ஆய்விதழுக்கு அனுப்பினேன். பயமில்லை, ஆத்திரம்.

மாலையில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று கடிதம் வந்தது. ஒரே வரி. கீழே அவர் பெயர், அவர் கையெழுத்து. ஆறு வருடத்தில் ஒரு வரிக்காவது பொறுப்பேற்றாரே.