வாயைப் பொத்திய கை

அல்லிமலைத் தேயிலைத் தோட்டத்தில் வைரவனைப் போல மரியாதை தெரிந்த ஆள் கிடையாது என்று கணக்கப்பிள்ளை போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். வைரவன் மட்டும் வாயையும் பொத்திக்கொண்டு நிற்பான். "இவனப் பார்த்துப் பழகுங்கடா" என்று மற்றவர்களுக்குத் திட்டு விழும். பாவம், கணக்கப்பிள்ளைக்கு என்ன தெரியும்? கையை எடுத்தால் வாய் நாறும், அவ்வளவுதான் சங்கதி.

முப்பத்தாறு வயதுதான் அவனுக்கு. ஈறெல்லாம் வீங்கி, முன்பல் நாலும் விரல் பட்டாலே ஆடின. மனைவி பரிமளம் மூன்று வருசமாகச் சுவரைப் பார்த்துத்தான் படுக்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? தோட்டத்து மருந்துக்காரர் எட்ட நின்றே பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் புடுங்கிற வேண்டியதுதான், அட்டன் ஆஸ்பத்திரிக்குப் போ" என்று துண்டு எழுதிக் கொடுத்தார். வட்டவளையில் ரயில் ஏறியதிலிருந்து வைரவன் நாக்கால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு, விடைகொடுத்துக்கொண்டே வந்தான்.

பல் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடி போட்ட இளைஞர். "இருங்கோ. வாயைத் திறவுங்கோ" என்றார். வைரவன் திரும்பிப் பின்னால் பார்த்தான். அங்கே வேறு யாரும் இல்லை. காற்சட்டை போட்ட ஒரு மனிதர் அவனிடம் மரியாதையாகப் பேசியது, பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

கை தானாக வாய்க்குப் போனது. டாக்டர் அந்தக் கையைப் பிடித்து மெதுவாக இறக்கி அவன் மடியில் வைத்தார். பிறகு ஒரு சாண் தூரத்துக்கு முகத்தைக் கொண்டுவந்து வாய்க்குள் விரலை விட்டார். முகம் சுளிக்கவில்லை, மூச்சைக்கூட அடக்கவில்லை. கட்டினவளே வராத தூரத்துக்கு இந்த மனிதர் வந்துவிட்டாரே, இவர் என்ன பிறவியோ என்று வைரவனுக்கு உடம்பு சிலிர்த்தது.

"பல்லுத் தேய்க்கிறனீங்களோ?"

"முன்னெல்லாம் அடுப்புக்கரி வச்சுத் தேய்ப்பேங்க ஐயா. தேய்ச்சா ரத்தம் ரத்தமா வருது. புண்ணு தானா ஆறட்டும்னு ரெண்டு வருசமா வுட்டுட்டேங்க."

"அதுதான் பிழை. தேய்ச்சதால ரத்தம் வரேல்லை. ஈறோரம் அழுக்குத் தங்கினபடியால்தான் வந்தது. ஒரு பல்லு மட்டும்தான் தப்பாது. மற்றதெல்லாத்தையும் காப்பாத்திப் பாப்பம்."

காப்பாற்றுவதா? வைரவனுக்குக் காதை நம்ப முடியவில்லை.

கொக்கி மாதிரி ஒரு கம்பியால் டாக்டர் பல்லடியைச் சுரண்டினார். கறக் கறக்கென்று மண்டைக்குள்ளேயே சத்தம் கேட்டது. ரத்தத்தோடு ஏதோ கிண்ணத்தில் விழுந்து கிணுக்கென்றது. நாக்கை விட்டுப் பார்த்தால் கீழ்ப்பல் வரிசைக்குப் பின்னால் பெரிய வெற்றிடம். ஐயோ, பிடுங்கிவிட்டாரே! அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டர் அவன் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, வாய்க்குள்ளே காசு அளவு இன்னொரு கண்ணாடியை நீட்டிக் காட்டினார். பல்லெல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. கிண்ணத்தில் கிடந்தது கறுப்பும் மஞ்சளுமாக ஒரு கல். அழுக்கு நாள்பட இறுகிக் கல்லாகிவிட்டதாம். மனுசன் வாயில் கல் விளையுமா! வைரவன் அதைக் காகிதத்தில் மடித்து வாங்கிவந்தான். சாயங்காலம் லயத்து வீடுகளின் சனமெல்லாம் வரிசையில் நின்று பார்த்தது.

மூன்று மாதத்தில் ஐந்து தடவை அட்டனுக்குப் போனான். ஒரு பல் போனது. காலையும் ராத்திரியும் ஈறோரமாகப் பிரஷ் போட வேண்டும், உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. முதலில் ரத்தம் வரத்தான் செய்தது, பயந்துகொண்டே தேய்த்தான். ஒரு நாள் தண்ணீர் விழும் பீலியடியில் துப்பினால் எச்சில் வெள்ளையாக விழுந்தது. வைரவன் அதைப் பார்த்தபடி அப்படியே நின்றான். கும்பிட வேண்டும் போலிருந்தது, கும்பிட்டான். அந்த வாரமே பரிமளம் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்கு மேல் நமக்கு என்ன பேச்சு?

மறுநாள் பெரட்டில் பெயர் கூப்பிட்டார்கள். "இருக்கேங்க" என்றான் வைரவன், இரண்டு கையையும் தொங்கவிட்டபடி.

"என்னடா இது? மரியாதை எங்க போச்சு?" என்றார் கணக்கப்பிள்ளை.

பழக்கதோசத்தில் கை நெஞ்சு வரை எழுந்தது. அதை மடியில் இறக்கி வைத்த டாக்டரின் விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. வைரவன் கையைக் கீழே விட்டான்.

"அது மரியாதை இல்லீங்க ஐயா. வாய் நாறிச்சு, பொத்திக்கிட்டேன். இப்ப நாறலீங்க."

கணக்கப்பிள்ளையின் முகம் கறுத்தது. மற்றவர்களை மலைக்கு விரட்டிவிட்டு, "நீ மட்டும் நில்லு" என்றார். இன்றோடு இவன் சீட்டுக் கிழிந்தது என்று எண்ணிக்கொண்டு ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார்கள்.

கடைசி ஆளும் மறைந்த பிறகு கணக்கப்பிள்ளை கிட்ட வந்தார். தன் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எந்த டாக்டரு வைரவா? எனக்கும் ரத்தமா வருது."

வைரவன் அந்தக் கையைப் பிடித்து, மெதுவாகக் கீழே இறக்கினான்.