இருநூற்றுப் பன்னிரண்டாம் பேர்

கல்லறையின் தலைமாட்டில் யாரோ முளைக்குச்சி அடித்துச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். டெல்சி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மஞ்சத்தண்ணி தெளித்து மாலை போட்ட ஆடு மாதிரி இருந்தது கல்லறை. அடுத்தது வெட்டுத்தான்.

ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க் கணக்கில், றொசல்ல ஸ்டேஷனில் ரயில் வந்து நிற்பது தெரிகிற மேடு அது. பன்னிரண்டு கல்லறைகள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்க அங்கே மரவீடுகள் கட்டப்போகிறார்களாம். புத்தகத்தில் பேர் இருக்கிற கல்லறைகளை வேலி போட்டு விட்டுவிடுவார்கள். பேர் இல்லாததை வெள்ளிக்கிழமை மெஷின் வந்து மட்டமாக்கிவிடும். பதினொன்றுக்குப் பேர் கிடைத்துவிட்டது. மிச்சம் இருந்தது டெல்சியின் பூட்டி ராக்காயி.

கல்லறைத் திருநாள் தோறும் அப்பா அங்கே மெழுகுதிரி கொளுத்துவார். “எங்க அப்பாயி ராக்காயி” என்பார். அப்பா போன பிறகு டெல்சி கொளுத்துகிறாள். அதற்கு மேல் சாட்சி எதற்கு என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

“சாட்சி வேணும்” என்றார் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர் சிவசாமி. கெட்ட மனுஷர் இல்லை. கேலி, பகிடி விடாமல் ஒரு வேலையும் செய்யமாட்டார், அவ்வளவுதான். ஸ்டோரில் கிடந்த பழைய புத்தகங்களைத் தூசி தட்டி மேசையில் பரப்பியிருந்தார். பக்கங்கள் எல்லாம் கறையான் தின்ற இங்கிலீஷ்.

“இந்தா பாரு டெல்சி. மேல் கணக்கு செக்ரோல், வேலக்காரங்க பேர்ப் புத்தகம், ஆயிரத்தித் தொளாயிரத்து முப்பத்தொண்ணு. ராக்காயி, எண்பத்தேழாம் நம்பர். கணக்கப்பிள்ளைய அடிச்சிருக்கா. பத்துச்சீட்டு குடுக்காமத் தொரத்தியாச்சு. அடுத்த மாசம் வெள்ளக்காரத் தொரை எழுதுறாரு, ‘ஓடிவிட்டாள்’னு. ஓடிப்போனவள எப்படி இங்க பொதச்சீங்க?”

பழைய இடத்தில் கணக்குத் தீர்த்து விட்டதற்கான பத்துச்சீட்டு இல்லாமல் வந்தவளை அந்தக் காலத்தில் எந்தத் தோட்டமும் படியேற்றாது. அது டெல்சிக்கும் தெரியும்.

“எங்க தாத்தா இந்தத் தோட்டத்துலதானேங்க பொறந்தாரு?”

“பொறந்தாரு, யாரு இல்லன்னா? அவரு சேட்டிபிக்கெட்டுல அம்மா பேரு மீனம்மா. டிஸ்பென்சரிப் புத்தகத்துலயும் மீனம்மா. கீழ்க் கணக்கு, இருநூத்திப் பன்னெண்டாம் நம்பர், முப்பத்திமூணுல ஆம்பளப் புள்ள. பெருவெரலும் வச்சிருக்கா.” சிவசாமி பக்கங்களைப் பின்னால் புரட்டினார். “கூத்து இனிமேத்தான். அதே மீனம்மா, அதே நம்பர், முப்பத்தொண்ணுல காய்ச்சல்ல செத்துட்டா! செத்து ரெண்டு வருஷங் கழிச்சுப் புள்ள பெத்திருக்கா. மோகினி வம்சம்டி நீ.”

பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார்.

“வேதக் கோயில்ல கேட்டேன். ஐம்பத்தெட்டுல இந்த மேட்டுல சிசிலின்னு ஒருத்தியப் பொதச்சதா எழுதியிருக்காம். ஆக ஒருத்தி ஓடிட்டா, ஒருத்தி செத்துட்டா, இன்னொருத்தி யாருன்னே தெரியல. ஒனக்கு எந்தப் பூட்டி வேணும், சொல்லு?”

ஒரு தாளை முன்னால் தள்ளினார். “இதுல கையெழுத்தப் போட்டுட்டுப் போ. சும்மா ஒரு பேப்பர்.”

டெல்சி எழுத்துப் படித்தது முப்பத்தெட்டு வயதில். கோயில் மண்டபத்தில், பிள்ளைகள் உட்காரும் வாங்குப் பலகையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, ஞாயிறு ஞாயிறாகப் படித்தாள். இன்றைக்கும் விரலை வைத்துத்தான் படிப்பாள். தேயிலைக் கறை ஏறிய விரல் தாளில் எறும்பு போல ஊர்ந்தது. அடையாளம் தெரியாத... உரிமை கோர எவருமில்லாத...

“நான் சொல்றேன்ல, சும்மா பேப்பர்னு.”

“சும்மா பேப்பருக்கு எதுக்குங்கய்யா கையெழுத்து?” என்று தாளைத் திருப்பித் தள்ளினாள்.

வீட்டில் தம்பி ஜோர்ஜ் தலையில் அடித்துக்கொண்டான். அவன் மேசன், கொத்துவேலைக்காரன். மரவீட்டு வேலைக்கு அவனைத்தான் பேசியிருந்தார்கள்.

“செத்தவளுக்கு எடம் கேட்டு நிக்கிறியேக்கா. இருக்கிற நமக்கு லயத்துல தகரம் ஒழுகுது. ஆறு மாச வேல எனக்கு. கெடுத்துராத.”

“மண்ணப் பத்தி இல்லடா ஜோர்ஜு. ஓடிட்டான்னு எழுதி வச்சிருக்கானுங்க. அதான் எனக்கு வேகுது.”

“ஓடித்தான் போயிருப்பா. யாரு கண்டா?”

அந்தச் சொல்தான் கூட வலித்தது. ஒருவேளை அப்பா யாரோ ஒருத்திக்குத்தான் இத்தனை வருஷம் மெழுகுதிரி கொளுத்தினாரோ?

மறுநாள் காலை பெரட்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற நேரம். பனி விலகவில்லை. பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை கந்தப்பன் பேர் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

“கிருஷாந்தி!”

“இருக்கேங்க!” என்றாள் லோஜினி.

கிருஷாந்தி கொழும்பு ஆஸ்பத்திரியில் தாய்க்குத் துணையாகப் போய் இரண்டு மாதமாகிறது. வேலைக்கு வராவிட்டால் பேர் வெட்டுப்பட்டுப் போகும். அவளுடைய மச்சாள் லோஜினிக்குத் தோட்டத்தில் பேர் பதியவில்லை. ஆக, கிருஷாந்தி பேரில் லோஜினி கொழுந்து எடுக்கிறாள். கந்தப்பனுக்குத் தெரியும், மலை முழுக்கத் தெரியும். யாரும் வாய் திறக்கமாட்டார்கள். கல்யாணத்துக்கு முந்தி டெல்சியே மூன்று மாதம் அடுத்த லயத்துக்காரி பேரில் எடுத்தவள்தான்.

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

“என்னாடி, காலங்காத்தால பேய் புடிச்சிருச்சா?” என்றாள் லோஜினி.

“பேயில்லடி. எம் பூட்டி கெடச்சுட்டா.”

அன்றைக்கு மத்தியானக் கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு, சாப்பிடாமல் கோயிலுக்கு நடந்தாள். அவளுக்கு ஞாபகம் வந்தது ஒரு பெருவிரல். கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கட்டியபோது கவ்வாத்துக் கத்தி பட்டு ராக்காயியின் இடது பெருவிரல் குறுக்கே பிளந்துவிட்டதாம். “அப்பாயி எடது கைக்காரி. சோறு ஊட்டுனா அந்தத் தழும்பு ஒதட்டுல ஒரசும்” என்று அப்பா சொல்வார். சொல்லும்போது உதட்டைத் தடவிக்கொள்வார்.

சாமியார் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். முப்பத்தாறாம் வருஷம், சிசிலி. ஊரும் எழுதவில்லை, பழைய பேரும் எழுதவில்லை. ஓரத்தில் பெருவிரல் மை. மையின் நடுவே, சாய்வாக, வெள்ளையாக ஒரு கோடு.

டெல்சி போனில் படம் பிடித்தாள். இரண்டு படம் கலங்கிப்போயின. மூன்றாவது சரியாக விழுந்தது.

வியாழக்கிழமை ஆபீசில் மனேஜர் தொரையும் இருந்தார். “டிஸ்பென்சரிப் புத்தகத்த எடுங்கய்யா” என்றாள் டெல்சி. முப்பத்திமூன்றாம் வருஷப் பக்கத்தைத் திறந்ததும் போனை அதன் பக்கத்தில் வைத்தாள். பிள்ளை பெற்ற மீனம்மா வைத்த பெருவிரலிலும் அதே சாய்வு, அதே வெள்ளைக் கோடு. டெல்சிக்கு இங்கிலீஷ் தெரியாது. ரேகை தெரியும்.

சிவசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பகிடி வரவில்லை.

“மேல் கணக்குல தொரத்துனாங்க. கீழ்க் கணக்குல மீனம்மா செத்திருந்தா. பேரு கொறஞ்சாக் கங்காணிக்குத் தலைக்காசு கொறையும், அதனால அவரு பேர வெட்டல. அந்தப் பேருக்குள்ள இவ போய் நின்னுக்கிட்டா. பெரட்டுல மீனம்மா, லயத்துல ராக்காயி, பெறகு கோயில்ல சிசிலி. ஒங்க புத்தகம் பேரத்தாங்க எழுதும். ஆள எழுதாது.”

“அப்ப கள்ளப் பேர்ல வேல செஞ்சிருக்கா” என்றார் சிவசாமி, மெதுவாக.

“ஆமாங்க, கள்ளப் பேருதான். கொழுந்து கள்ளமா? இருவத்தேழு வருஷம் அந்தக் கொழுந்தத் தராசுல போட்டீங்கள்ல?” டெல்சியின் குரல் உயர்ந்துவிட்டது. வெளியே நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “ஓடிட்டான்னு எழுதுன தொரை மேல பங்களாவுல இருந்தாரு. இவ கீழ மலையில நின்னா. ரெண்டு மைல் தூரம் வராது. ஒருநாள் குனிஞ்சு மூஞ்சியப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். யாரு பாத்தா?”

“ஹரி, ஹரி” என்று சிங்களத்தில் சரி சொல்லித் தொரை கையைக் காட்டினார். “கல்லறை இருக்கட்டும். கோயில் புத்தகத்தில சிசிலி இருக்குதானே? சிசிலின்னு போடு. அடிச்சது, பேர் மாத்தினது, அந்தக் கதையெல்லாம் வேணாம். டூரிஸ்ட் வர்ற எடம்.”

“வாங்கிக்கிட்டுப் போ புள்ள, மனசு மாறுறதுக்குள்ள” என்று சிவசாமி கிசுகிசுத்தார்.

“மூணு பேரையும் போடுவேங்க தொரை.”

“தோட்டத்துச் சீமெந்து தரமாட்டேன்.”

“கேக்கலங்க” என்றாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போது அவள் கூடையும் மண்வெட்டியுமாக மேட்டுக்குப் போனாள். ஜோர்ஜ் அவளுக்கு முன்னால் வந்து பலகை அடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அரை மூட்டை சீமெந்து.

“வேல போயிருமேடா?”

“மிச்சங் கெடந்துச்சு, வீணாப் போகும்” என்றான் அவள் முகத்தைப் பார்க்காமல். பிறகு, “தராசுல போட்டீங்கள்லன்னு கேட்டியாமே. லயம் பூராவும் அதே பேச்சு. நல்லாக் கேட்டக்கா.”

சீமெந்தைக் குழைத்துக் கொட்டி மட்டப்பலகையால் இழுத்தான். டெல்சி ரிப்பன் கட்டிய முளைக்குச்சியைப் பிடுங்கி, அதன் கூர்ப்பக்கத்தால் ஈரத்தில் எழுதினாள். முதலில் ராக்காயி. ஒவ்வொரு எழுத்தும் சாண் அளவு. அடுத்து சிசிலி.

“போதும்க்கா, எடம் இல்ல.”

“மீனம்மாவுக்கு வேணும்.”

“அவதான் இங்க இல்லியே.”

“எங்க இருக்கான்னு ஒனக்குத் தெரியுமா? காய்ச்சல்ல செத்தும் இருவத்தேழு வருஷம் பெரட்டுக்கு வந்தவடா. அவ பேரு இல்லன்னா நம்ம தாத்தா ஏது, நீ ஏது? வரட்டும்.”

மீனம்மா என்று எழுதும்போது கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் விளிம்பில் சரிந்தது.

கீழே ரோட்டில், கல்லறைகள் போக மிச்ச மேட்டை மட்டமாக்க மெஷின் உறுமிக்கொண்டு வந்தது. முன்னால் சிவசாமி மூச்சு வாங்க ஏறிவந்தார். ஈரச் சீமெந்தைப் பார்த்தார். டெல்சி இன்னும் குனிந்திருந்தாள். அடியில் ஒரு கை அகலம் மிச்சம் இருந்தது. அதில் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிரும்வரை அவர் காத்திருந்து வாசித்தார்.

ஓடவில்லை.

“இத யாரு எழுதச் சொன்னா?”

“எழுதத் தெரியும், எழுதுறேன்.” சீமெந்து ஒட்டிய முளைக்குச்சியை அவர் கையில் கொடுத்தாள். “இந்தாங்கய்யா, ஒங்க குச்சி. காயுறவரைக்கும் மெஷின அங்கனயே நிப்பாட்டச் சொல்லுங்க. பெரட்டுக்கு நேரமாச்சு.”

கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு இறங்கினாள்.