முறை வைத்து ரிப்பேர்

சைக்கிள் ஒன்று, சொந்தக்காரர்கள் இருவர். லோகநாதனும் அவன் மனைவி தேவகியின் அண்ணன் அங்கமுத்துவும் சேர்ந்து வாங்கியது. பழவேற்காடு ஏரியில் வலை போட ஆளுக்கு ஒரு முறைநாள் உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். அதையே சைக்கிளுக்கும் வைத்துக்கொண்டார்கள். இன்று இவன் பாடு, நாளை அவன் பாடு. அடுத்தவன் பாட்டில் வாய் திறக்கக் கூடாது.

மிதித்தால் அந்தச் சைக்கிள் ‘கடக், கடக்’ என்றது. அதனாலேயே, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தேவகியைப் பொன்னேரிக் கொட்டகைக்குப் படம் பார்க்க அழைத்துப் போக லோகநாதனால் முடியவில்லை.

“இதுமேல குந்தினு வரமாட்டேன். நாம கெளம்புறது குப்பம் பூரா கேக்கும், எல்லாம் வெளிய வந்து நின்னு பாக்கும். சத்தம் நிக்கட்டும், வர்றேன்,” என்றுவிட்டாள் அவள். இப்போது ஓடும் படத்தையும் வரும் ஞாயிற்றுக்கிழமையோடு தூக்குகிறார்கள்.

லோகநாதன் தன் பாடு வந்த நாளில் செயினை இறுக்கினான். மறுநாள் அங்கமுத்து, முறுக்கிக் கட்டினால் கத்தத்தான் செய்யும் என்று தளர்த்தினான். இவன் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தான். அவன் படகுக்குப் பூசும் மீன் எண்ணெயைத் தடவினான். கரை மணலெல்லாம் ஒட்டிக்கொண்டது, பூனைகள் பின்னாலேயே வந்தன. இவன் செயின் கவரை உள்ளே தட்டினான், அவன் வெளியே நெளித்தான்.

“என் கையில நல்லாத்தான் கீது. ஒங்கண்ணன் கைக்குப் போனாத்தான் கெட்டுப்போவுது,” என்றான் லோகநாதன்.

“எங்கண்ணனும் இதையேதான் சொல்லுது,” என்றாள் தேவகி. “ரெண்டு பேரும் பெரிய மெக்கானிக்கு. ஒருநாளாவது ஒண்ணா நின்னு பாத்தீங்களா?”

சனிக்கிழமை சாயங்காலம் அவளே அண்ணனைக் கூப்பிட்டனுப்பினாள். சைக்கிளுக்கு இந்தப் பக்கம் ஒருவனும் அந்தப் பக்கம் ஒருவனுமாக, சம்பந்தம் பேச வந்தவர்கள் போல விறைப்பாக நின்றார்கள். பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினால் சத்தமில்லை. ஏறி மிதித்தால் ‘கடக்’. அங்கமுத்து மிதிக்க, லோகநாதன் குனிந்தபடி கூடவே ஓடினான். இடது பெடல் இறங்கும்போதெல்லாம் சத்தம் வந்தது.

பெடல் தண்டை அச்சோடு பூட்டும் காட்டர் பின்னைத் தட்டி எடுத்தார்கள். அது இளைத்துத் துரும்பாகியிருந்தது.

“கெட்டியா ஒக்காரட்டும்னு நான்தான் அரத்தால லேசா ராவுனேன் மாப்ள,” என்றான் அங்கமுத்து. “நீ?”

லோகநாதன் செயினைப் பார்த்தான். “நானுந்தான். லேசா.”

“லேசா லேசான்னே ரெண்டு பேரும் பின்னையே முழுங்கிட்டீங்க,” என்றாள் தேவகி.

“அப்போ மொத மொதல்ல வந்த சத்தம் இன்னாத்துக்கு மச்சான்?”

“அத இப்ப எப்டிச் சொல்றது? அதும்மேல நாம எவ்ளோ ரிப்பேர் பண்ணிக்கீறோம்!”

லத்தீப் பாயின் சைக்கிள் கடையில் புதுப் பின் வாங்கிப் போட்டார்கள். செயினைக் கழுவி, இருவர் பேச்சுக்கும் நடுவாக இறுக்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தேவகி தலை நிறையக் கனகாம்பரத்தோடு கேரியரில் ஏறினாள். சத்தமே இல்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நடுத்தெருவில் முதுகைக் காட்டிக் குந்தியபடி கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த குப்பம்மாவும் பார்க்கவில்லை. லோகநாதனின் கை மணியைத் தேடியது. அந்தச் சைக்கிளுக்கு மணியே கிடையாது, அதுவரை தேவைப்பட்டதில்லை.

“யக்கா! வழி! வழி வுடு!”

தேவகியின் குரல் கடைசி வீடு வரை போனது. வாசலுக்கு ஒரு தலை முளைத்தது.

“இன்னாடி, ஜோடியா சினிமாவுக்கா?” என்றாள் குப்பம்மா.

தேவகி புருஷன் முதுகில் ஒரு குத்து விட்டாள். “மிதிய்யா வேகமா. அங்க ஆடு வேற படுத்துனு கீது,” என்றுவிட்டு, அடுத்த கூச்சலுக்கு மூச்சை இழுத்துக்கொண்டாள்.